குற்றாலத்தில் அருவிக்கு அருவி: கிளம்பும் முன் சில குறிப்புகள்

தீவுக்குத் தீவு தாவும் சுற்றுலா என்று இப்போது நிறைய விளம்பரம் வருகிறது. தென்காசிப் பக்கம் தீவு கிடையாது. அருவி உண்டு, கோயில் உண்டு, பூத்த வயல் உண்டு, எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே. குளித்துவிட்டு பரோட்டா சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள் தேவையில்லை. பார்க்கவும் படமெடுக்கவும் இரண்டு நாள் ஒதுக்குகிறவர்களுக்கு உதவும்.

1. சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை. ஆனால் காலண்டரை நம்பிக் கிளம்ப வேண்டாம். தங்கப்போகும் விடுதிக்குப் போன் போட்டு, "தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா?" என்று இரண்டையும் கேளுங்கள். தண்ணீர் அதிகமாகக் கொட்டும் நாளில்தான் குளிக்கத் தடை போடுவார்கள்.

2. திட்டம் போடும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மலை மேற்கே இருக்கிறது. குற்றால அருவிகள் மலையின் கிழக்குச் சரிவில் விழுகின்றன. காலை வெயில் நேரே அருவி மேல் படும். மதியம் தாண்டினால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பாறை கறுத்துப்போகும். ஆகவே காலையில் படம், மாலையில் குளியல். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, போட்டோ சரியாக வரவில்லை என்று போனைக் குறை சொல்கிறார்கள்.

3. முதல் நாள் காலை பேரருவி. தண்ணீர் மேலிருந்து நேரே கீழே விழாமல், நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அதன் பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்த இடமும் சட்டத்துக்குள் வரும்படி சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். ஷட்டர் வேகத்தைக் கால் நொடிக்குக் குறைத்து, கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்தால் தண்ணீர் பட்டு நூலாக விழும். குளிக்கிறவர்கள் பக்கம், அதிலும் பெண்கள் குளிக்கும் பகுதிப் பக்கம், கேமராவைத் திருப்பவே கூடாது.

4. சாரலில் லென்ஸ் நனையும். துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துணியில் கிழித்த துண்டுகள் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். டர்க்கி டவல் ஆகாது. ஷூ பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் கேமரா பையில் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் புகைபோல் மங்கினால் துடைக்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானே தெளியும். பையை இரவில் ஏசி இல்லாத இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

5. பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவில் அமைந்த கோயில் என்பார்கள். தரையில் நின்று பார்த்தால் வடிவம் பிடிபடாது, பிராகாரத்தைச் சுற்றி நடந்தால் ஓரளவு புரியும். தல விருட்சம் குறும்பலா. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி பிறந்த மண் இது. கிளம்பும் முன் அதைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் மலையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

6. அதிகம் பேர் தவறவிடுவது சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம்; குற்றாலத்தில் ஓவியம். இங்கே ஆடும் ஈசன் சிலையாக இல்லை, சுவரில் சித்திரமாக இருக்கிறார். கோயிலிலிருந்து தள்ளித் தனிக் கட்டடம், பக்கத்தில் தெப்பக்குளம். மூலிகை வண்ணச் சுவர்களைக் கையால் தடவாதீர்கள், குழந்தைகளையும் தடவ விடாதீர்கள். என்னைக் கேட்டால், ஐந்தருவிக்கு நேரமில்லை என்றாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

7. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோபுரம், வெளி மண்டபம், குளம் இவற்றை முதலில் எடுத்து முடித்து, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். அந்த இடைவேளையில் ஐந்தருவி, புலியருவி, இலஞ்சி என்று ஒரு சுற்று வந்துவிடலாம். செண்பகாதேவியும் தேனருவியும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பவை. அவற்றைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

8. குளிக்கும்போது அருவியின் சத்தம் திடீரெனக் கூடினாலோ, தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் வந்தாலோ, விசிலுக்குக் காத்திராமல் வெளியேறுங்கள். கீழே வெயிலடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்யும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்.

9. கழுத்துச் சங்கிலி, மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பூ அருவியில் தடை; எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசை இருந்தால் விடுதிக் குளியலறையில் சீயக்காய் போட்டு அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள். ஈரத் துணிக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி பையைவிட நல்லது: கார் நனையாது, குரங்கும் பறிக்காது.

10. இரண்டாம் நாள் விடிந்ததும் சுந்தரபாண்டியபுரம். மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) படத்தில் வரும் கிராமம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும். முற்றிய பூ கிழக்கு பார்த்தே நிற்கும். ஆகவே கிழக்கே நின்று எடுத்தால் பூவின் முகமும் பின்னால் மலையும் ஒரே படத்தில் கிடைக்கும். வயல்காரரைக் கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். ஒரு செல்ஃபிக்காக மிதிபடுவது அவருடைய விளைச்சல்.

11. அங்கிருந்து வெயில் ஏறுவதற்குள் தென்காசி. பராக்கிரம பாண்டியன் 1446-இல் எடுக்கத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயில். 180 அடி ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-இல் மறுபடி எழுந்தது. கோபுர வாசலில் நின்றால் சீசன் காற்று ஆளைத் தள்ளும், சேலையையும் தொப்பியையும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகளுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள்.

12. மதியத்துக்கு மேல் கேரள எல்லை தாண்டி கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதை அது. ரயிலில் போனால் பாலத்தின் மேல்தான் இருப்பீர்கள், கண்கள் தெரியாது. படமெடுக்கச் சாலை வழியே போக வேண்டும். வழியில் செங்கோட்டையில் வாஞ்சிநாதன் நினைவிடம். திரும்பும்போது பண்பொழி திருமலைக்கோயில்: படியும் உண்டு, வண்டிச் சாலையும் உண்டு. மாலையில் மேலே நின்றால் குளம், நெல்வயல், தென்னந்தோப்பு எல்லாம் இளவெயிலில் கிழக்கே விரியும்.

13. மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினால் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி: இரவு ஏறினால் காலையில் தென்காசி. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. சீசன் வெள்ளி, ஞாயிறு டிக்கெட்டை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.