தொலைக்காட்சிப் பழுதுபார்ப்புப் புளுகுக் கதைகள்: பொய்ம்மொழியா, நகைமொழியா?

முன்னுரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள உத்திரமேரூர் போன்ற ஊர்களில் உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனா கட்டியே அவ்வலையைப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ தொடங்கும் நேரத்தில் பெட்டி பழுதாயின் மெக்கானிக்கே ஊரின் நாயகர். அவரைச் சுற்றி எழும் புளுகுக் கதைகளை எவ்வகையுள் அடக்குவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பியரின் உரைவகை

செய்யுளியல் உரைநடையை நான்காக வகுக்கிறது. மூன்றாவது, நடப்பியலில் வேரற்ற பொய்ம்மொழி; நான்காவது, பொருளோடு பொருந்திய நகைமொழி. முன்னதற்கு யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையைப் பேராசிரியர் சான்றாக்குவார். பின்னது மெய்யாக இருந்தும் நகைக்கு ஏதுவாவது என்பது அவர் கருத்து. புளுகுக் கதை மேலோட்டமாக நோக்கின் பொய்ம்மொழியே. ஆர்னே, தாம்சன், ஊத்தர் ஆகியோர் பெயரால் வழங்கும் உலகக் கதை வகையடைவும் 1875 முதல் 1999 வரையிலான எண்களை இத்தகைய கதைகளுக்கு ஒதுக்குகிறது. ஆயினும் இக்கதைகளின் கருவை நோக்கின் வேறு முடிவு கிட்டுகிறது.

கதையும் கருவும்

இக்கதைகளின் போக்கை மூன்று அமைப்புகளால் விளக்கலாம்.

முதலாவது, தட்டினால் படம் வரும் பெட்டி. மெக்கானிக் ஒருமுறை தட்டப் படம் வருகிறது. பின்னர் அடுத்த வீட்டு உலக்கையடிக்கும் வருகிறது. முடிவில், பாட்டு முடியும்வரை நெல் குத்துமாறு அண்டை வீட்டாரை வேண்டிக்கொள்கின்றனர். பற்றுவைப்பு விட்டுப்போன பெட்டியில் அதிர்வால் இணைப்பு மீள்வது உண்மை.

இரண்டாவது, காக்கை அமர்ந்தால் மட்டும் படம் தெளியும் ஆண்டெனா. வீட்டார் நாள்தோறும் காக்கைக்குச் சோறு வைக்கின்றனர். முன்னோரே படம் காட்டுவதாக ஊர் நம்புகிறது. யாகி, ஊடா என்னும் ஜப்பானியர் பெயரால் வழங்கும் ஆண்டெனா குறித்த திசையின் அலையையே வலுவாகப் பற்றும். கம்பம் சற்றுத் திரும்பினும் படம் மாறும்.

மூன்றாவது, மின்னிணைப்பைத் துண்டித்த பெட்டியில் கைவைத்து வைக்கோற்போரில் போய் விழுந்த மெக்கானிக். மூன்று நாள் கழித்து அவர் கொட்டாவி விட்டபோது பழைய செய்தியறிக்கை கேட்டதாம். துண்டித்த பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்குவது உண்மை. உறைந்த ஊதுகொம்பின் இசை பின்னர் உருகி ஒலித்ததாகக் கூறும் ஜெர்மானிய முன்ஷௌசன் கதையோடு இது ஒப்பத்தக்கது. எனினும் அங்குக் குளிர் செய்யும் வேலையை இங்கு மின்சாரம் செய்கிறது.

மூன்றிலும் தொடக்கம் மெய், மிகையே பொய். மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கனுள் பேதைமை கதைமாந்தரிடம் அமைகிறது. மெய் எவ்விடத்தில் பொய்யாகிறது என்பதைக் கேட்போர் அறிவதாலேயே சிரிப்பு எழுகிறது. ஆதலின் இவை நகைமொழியின்பாற்படும்.

முடிவுரை

படக்குழாய்ப் பெட்டி வழக்கொழிந்துவிட்டது. தட்டையான திரையில் தட்டிச் சரிசெய்வதற்கு இடமில்லை; கூரைக் கம்பங்களும் அருகிவிட்டன. அப்பெட்டியை அறியாத தலைமுறைக்கு உலக்கைக் கதையும் காக்கைக் கதையும் யானை குருவி நட்பைப் போன்றனவே. ஒரு கதை நகைமொழியாவதும் பொய்ம்மொழியாவதும் அதன் வடிவத்தை மட்டும் பொறுத்ததன்று. கேட்போரின் அறிவையும் பொறுத்தது. எனவே இக்கதைகளைத் தொகுப்போர் கதையோடு அதன் தொழில்நுட்பக் கருவையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. கருவை இழந்த கதை ஏட்டில் எஞ்சலாம். அதன் நகை எஞ்சாது.