குறைவாக ஓடும் காருக்குச் சர்வீஸ் எப்போது?

கேள்வி: என் பெட்ரோல் கார் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. டவுனுக்குள் சுற்றுவதும், எப்போதாவது புதூர்நாடு, ஏலகிரி போய்வருவதும்தான். 10,000 ஆனபிறகு சர்வீஸுக்கு விட்டால் போதாதா?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: போதாது. '10,000 கி.மீ. அல்லது 1 வருடம், எது முந்துகிறதோ அது' என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. சிறு ஓட்டங்களில் என்ஜின் முழுச் சூடு ஏறாது. ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். வருஷம் ஒருமுறை ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் பிரேக் ஆயிலைப் பற்றித்தான். வண்டி நின்றாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக ஊற்றும் 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியதற்கோ அந்த வரம்பு 140தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு ஆயில்வரை எட்டும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் கிளம்பினால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்; 'அளவு சரியாத்தானே இருக்கு' என்று மெக்கானிக் சொன்னாலும் விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடையும் பார்க்கட்டும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.