மின்சாரப் புகைப்பெட்டிக்கு மரச்சில்லு எதற்கு?



கருவாடு நம்ம கல்மண்டபத்துக்குப் புதுசு இல்லை. காசிமேட்டுப் பக்கம் போனாலே வாசனை வந்து கூப்பிடும். ஆனால் நாம் அங்கே பார்க்கிற கருவாடு பெரும்பாலும் உப்பும் வெயிலும் சேர்ந்து செய்தது. புகை போட்டுச் செய்கிற கருவாடும் உண்டு. அதற்குப் பெயர் மாசி. லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய் தீவில் சூரை மீனைத் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் அவித்து, தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி, பிறகு வெயிலில் கட்டை மாதிரி ஆகும்வரை காய வைப்பார்கள். இலங்கையில் சம்பலுக்கு மாசியை இடித்துப் போடுவார்கள்.

இப்போது மீனுக்குப் புகை போட மின்சாரப் பெட்டியே வந்துவிட்டது. மீன் வியாபாரம் செய்கிற எங்க மாமா ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார். அவர் கேட்ட கேள்வி இது: "ஏம்மா, கரண்டுலதானே ஓடுது? அப்புறம் எதுக்கு மரத்துண்டு போடணும்?" நல்ல கேள்விதானே! படித்தும், ஆசிரியையிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?
அடியில் ஒரு கம்பிச் சுருள். நம்ம வீட்டு கரண்ட் அடுப்பில் இருப்பது போலத்தான். அதன்மேல் மரச்சில்லு போட ஒரு சின்ன தட்டு, அதற்கு மேலே தண்ணீர்த் தட்டு, அதற்கும் மேலே மீன் அடுக்கும் கம்பி வலைகள். உச்சியில் புகை வெளியே போக ஒரு துவாரம். கரண்ட் தருவது சூடு மட்டும்தான். சில்லு போடாவிட்டால் மீன் வேகும், ஆனால் புகை மீன் ஆகாது.

புகையில் என்ன இருக்கிறது?
மரத்தில் முக்கியமாக செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று 3 பொருள்கள் உண்டு. காற்று குறைவாக இருக்கும்போது சூடுபட்டால் இவை உடைந்து புகையாகும். லிக்னின் உடைந்தால் பீனால் வகைப் பொருள்கள் வரும். புகை வாசனை முக்கியமாக இவற்றால்தான். மீனின் கொழுப்பு சிக்கு அடிக்காமல் தடுப்பதும் இவைதான். மற்ற இரண்டிலிருந்து அமிலங்களும், மீனுக்குப் பொன்னிறம் தரும் பொருள்களும் வரும். அமிலம் மீனின் மேல்பரப்பில் கிருமி வளர்வதைக் குறைக்கும். ஆனால் புகை மட்டும் போட்டால் மீன் கெடாது என்று நினைக்கக் கூடாது. உப்பும், உலர்த்தலும், போதுமான சூடும் வேண்டும். மீனின் நடுச்சதை 63 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் அளவு.

சில்லு புகையணும், எரியக் கூடாது
தீப்பிடித்து எரிந்தால் சூடு அதிகமாகும். அப்போது பென்சோபைரீன் போன்ற பொருள்கள் கூடுதலாக உண்டாகும். இது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 1 கிலோ புகை மீனில் இது 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014 முதல் விதி. 1 மைக்ரோகிராம் என்பது 1 கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு! மீனின் எண்ணெய் சூடான கம்பியில் சொட்டினாலும் இதே ஆபத்துதான். அதனால்தான் நடுவில் தட்டு வைக்கிறார்கள்.

சில்லை ஊற வைத்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஈரம் முழுக்க ஆவியாகிப் போகும்வரை சில்லு சரியாகப் புகையாது. காய்ந்த சில்லையே ஒரு கைப்பிடி போட்டு, தீர்ந்ததும் இன்னொரு கைப்பிடி போட்டால் போதும். மெல்லிய புகை நல்லது. குப்பென்று வெள்ளையாக வந்தால் மீன் கசக்கும்.

எந்த மரம்?
மா, கொய்யா போன்ற கடின மரங்களும், தேங்காய் மட்டையும் ஏற்றவை. நம்ம பகுதியில் இதைவிட முக்கியமானது, எது கூடாது என்பதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு மரம் சும்மாவே கிடைக்கும். அதில்தான் வம்பு.

1. சரக்கு அடியில் வைக்கும் பேலட் கட்டை: இதில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் எம்.பி. என்று இருந்தால் பூச்சியைக் கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயு பிடித்தது. எச்.டி. என்றால் சூடேற்றியது, 56 டிகிரியில் 30 நிமிடம். அதுவும் வேண்டாம். எந்தக் கெமிக்கல் அதன்மேல் சிந்தியது என்று யார் கண்டார்கள்? பல பேலட்டுகள் பைன் மரம். அதில் பிசின் அதிகம், கரி படியும்.
2. பழைய படகுப் பலகை: பெயிண்ட் இருக்கும். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயிண்டில் செம்புச் சேர்மங்கள் உண்டு.
3. பிளைவுட்: அதன் பசையிலிருந்து பார்மால்டிஹைடு வரும்.
4. அரளிக் குச்சி: செடி முழுக்க விஷம்.

எங்கே வைப்பது?
நம்ம வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. புகையும் மரத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆனால் ஆளையே கொல்லும். கரண்ட் பெட்டிதானே என்று சமையல் அறையில் வைக்கவே கூடாது. திறந்த வெளியில், மழை படாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் புகைப்பெட்டி இல்லை. ஆனால் வெந்நீர் அடுப்பில் பேலட் கட்டை எரிகிற வீடுகள் நம்ம தெருக்களில் உண்டு. அதே அடுப்பில் மீன் சுடுவதும் உண்டு. முத்திரையைப் பார்க்கவும், பெயிண்ட் அடித்த கட்டையை ஒதுக்கவும் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். பாட்டி நம்பாவிட்டால் இந்தத் தாளின் முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் படித்துக் காட்டுகிறேன்.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி