அப்பத்தாவின் முழங்காலும் ஆப்பிரிக்கப் பயணமும்

நைரோபி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. 8 பேர், 12 நாள், 4 நாடு: கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா. இளையவருக்கு 63 வயது, மூத்தவளான உன் அப்பத்தாவுக்கு 76. வேலைக்கும் போய்க்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்து இதைத் தயாரித்தாய் என்று உன் அப்பா சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தத் திட்டத்தில் சிங்கம், யானை, கொரில்லா எல்லாம் இருக்கின்றன. அப்பத்தாவின் முழங்கால் இல்லை. முதலில் அதை வை. மற்றவற்றை அதற்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அடுக்கலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் டாக்டரிடம் அழைத்துப் போ. கென்யாவும் உகாண்டாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அங்கிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையவும் அது வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அங்கீகரித்த மையங்களில்தான் அந்த ஊசி போடுவார்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்து சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஆனால் அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட ஆபத்து அதிகம். அவரவர் உடம்பைத் தெரிந்த மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒருவருக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அவரை வீட்டில் விட்டுவிட்டு வராதே, நாட்டை மாற்று. போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. யானைக்கும் சிங்கத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்கள் என்பதை மட்டும் கவனி; மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் நீண்ட நேரம் காத்திருந்து போனாலும் சான்றிதழ் கேட்பார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடு. ஊர் திரும்பிய பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை அதை விழுங்க வேண்டும். வீட்டு வாசலை மிதித்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது வரைபடம். கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் ஒரே புல்வெளி. காட்டுமாடுகள் ஆண்டுதோறும் எல்லை தாண்டுகின்றன. அதைப் பார்த்துத்தான் "காலையில் மாரா, மதியம் செரங்கெட்டி" என்று எழுதியிருக்கிறாய். ஆனால் இடையிலுள்ள சாண்ட் ரிவர் வழி 1977-இல் மூடியது, இன்றுவரை பயணிகளுக்குத் திறக்கவில்லை. மேற்கே இசெபானியா எல்லைவரை சுற்றிப் போக வேண்டும். குண்டும் குழியுமாக ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இந்த ஊர்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதே. எத்தனை மணி நேரம், அதில் எத்தனை மணி நேரம் தார் ரோடு என்று கேள்.

உகாண்டாவையும் ருவாண்டாவையும் எடுத்துவிடு. கொரில்லாவுக்கான அனுமதிச் சீட்டு உகாண்டாவில் தலைக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. அதைவிடப் பெரிய விலை நடை. ஈரக் காட்டில், வழுக்கும் சரிவில் சில மணி நேரம் ஏறினால்தான் கொரில்லாக்களோடு ஒரு மணி நேரம் இருக்கலாம். உனக்கு வயது இருக்கிறது. பிறகு தனியாக வா, நானும் கூட வருகிறேன்.

நான் போட்டுவைத்திருக்கும் வழி இது. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம், ஏறக்குறைய 6 மணி நேரம். வந்ததும் 2 ராத்திரி இங்கேயே ஓய்வு. பிறகு வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் மாரா, 3 ராத்திரி. சாலையில் போனால் 5, 6 மணி நேரம் உடம்பை உலுக்கும். விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். செலவு கூடும், அந்தச் செலவைக் குறைக்காதே. அங்கிருந்து வில்சன் வழியாக அம்போசெலி, 2 ராத்திரி. பிறகு நமங்கா எல்லை வழியாகத் தான்சானியாவின் அருஷா போய் ஒரு ராத்திரி. கடைசியாக கராட்டுவில் 3 ராத்திரி தங்கி, அதில் ஒரு பகல் ஙொரொங்கொரோ பெரும்பள்ளம், ஒரு பகல் சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருக்கும் நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதே. ஙொரொங்கொரோவின் விளிம்பு 2,300 மீட்டர் உயரம், நம் ஊட்டியைப் போல. ராத்திரிக் குளிரும் மெல்லிய காற்றும் நெஞ்சு பலவீனமானவர்களைப் படுத்தும் என்பதால்தான் தாழ்வான கராட்டுவில் தங்கச் சொல்கிறேன். மாதம் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி என்று வை. ஏப்ரல், மே பெருமழைக் காலம்.

அம்போசெலியைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே 1972 முதல் சிந்தியா மோஸ் தொடங்கிய யானை ஆய்வு நடக்கிறது. ஒவ்வொரு யானையையும் குடும்பம் குடும்பமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களுக்குச் சிங்கத்தின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிய ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. ஆண் சிங்கம் தனியாகவே யானைக் குட்டியை வீழ்த்திவிடும். அதன் குரலைப் பிரித்தறிந்து, கூட்டத்தைச் சரியாக அணைத்து நிறுத்தியவை வயதான தலைவி இருந்த கூட்டங்கள்தாம். அப்பத்தாவிடம் இதைச் சொல். யானைகளைப் பார்க்கும்போது அவளுக்கு நினைவு வரட்டும்.

வண்டி விஷயம். லேண்ட் குரூஸரில் 6, 7 பேர் உட்காரலாம். நீ இரண்டு வண்டி எடுத்துப் பெரியவர்களை நான்கு நான்கு பேராக உட்காரவை. கடைசி வரிசைதான் அதிகம் தூக்கிப்போடும். முதுகுவலிக்காரரை நடுவில் வை. படி உயரமாக இருக்கும், ஒரு முக்காலி கேட்டு வாங்கு.

இனி எழுதுவதை யாரும் உன்னிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காட்டில் கழிப்பறை தூரத்தில் இருக்கும். அந்தக் கூச்சத்தில் நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு முறை என்னோடு வந்த அம்மாள் இப்படித்தான் இரண்டு நாள் இருந்து, மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதனால் முதல் நாளே ஓட்டுநரிடம் பேசிவிடு: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும், யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. எட்டுப் பேர் முன்னிலையிலும் இதைச் சொல். யாராவது ஒரு வேளைச் சவாரி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. வராந்தாவில் உட்கார்ந்தே மான் பார்க்கக்கூடிய முகாமாகத் தேர்ந்தெடு. இருட்டிய பிறகு காவலர் துணை இல்லாமல் கூடாரத்தை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

சிறு விமானத்தில் தலைக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பையில். கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டன. மாத்திரைக்கும் செருப்புக்கும் மஞ்சப்பை போதும். மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வை, இரண்டையும் கையோடு கொண்டுவா. இன்சுலினுக்குக் குளிர்பெட்டி உண்டா, ராத்திரி மின்சாரம் நிற்குமா என்று ஒவ்வொரு முகாமுக்கும் எழுதிக் கேள். காப்பீட்டில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காமல் எழுது. காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். 1957-இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் வில்சனிலிருந்து அந்த வேலையைச் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு சொல். தான்சானியாவில் இளையவர்கள் பெரியவர்களைப் பார்த்ததும் "ஷிகாமூ" என்பார்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பது அதன் பழைய பொருள். பெரியவர்கள் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கும் இந்தப் பதிலை இப்போதே பழக்கிவிடு. அருஷாவில் ஓட்டுநர் வந்து வணங்கும்போது அப்பத்தா பேச்சில்லாமல் நிற்கக் கூடாது.

நாளைக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை