யாருடைய சுரங்கம் உங்களுக்குத் திறக்கும்?
நீர்மின் பாறைப் பொறியியலில் கலாநிதி ஆய்வு: கோப்பாய் இளையோருக்கு ஒரு வழிகாட்டி

கோப்பாயில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. செம்மண்ணைத் தோண்டினால் சுண்ணக்கல் தட்டுப்படும். கிணறு வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கல்லின் பொந்தும் வெடிப்பும் ஊற்றும் அத்துப்படி. இங்கே வளர்ந்து, கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் முடித்த ஒருவர், "நீர்மின் சுரங்கங்களில் கலாநிதி ஆய்வு செய்யப்போகிறேன்" என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி "எந்த நாடு?" என்பதுதான். மாமா ஒஸ்லோவில், சித்தி ரொறன்ரோவில், பெரியப்பாவின் மகன் மெல்பேணில் என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியைக் கடைசியில் வைக்கிறது. பாறைப் பொறியியலில் நாட்டைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தச் சுரங்கத்தின் பதிவுகள் உங்கள் கைக்கு வரும்?

கொங்கிறீற்றை ஆய்வுகூடத்தில் நாமே வார்த்துச் சோதிக்கலாம். பாறை அப்படி வசப்படாது. துளையிட்டு எடுத்த கல் உருளை கல்லின் வலிமையைச் சொல்லும். மலையின் பிளவுகள் எப்படி ஓடுகின்றன, நீர் எங்கே தேங்கி நிற்கிறது, எந்தப் பக்கமிருந்து அழுத்தம் வருகிறது என்பவை சுரங்கத்தைக் குடையும்போதுதான் தெரியவரும். குடைமுகத்தில் புவியியலாளர் வரைந்த படங்கள், துளைக்கற்கள், சீமெந்துக் குழம்பு செலுத்திய கணக்கு, சுவர் நகர்ந்த அளவீடுகள் ஆகியவையே ஆய்வேட்டின் மூலதனம். அவை திட்டத்தின் சொந்தக்காரரிடம் இருக்கும். அவரோடு தொடர்பில்லாத பேராசிரியரிடம் சேர்ந்தால், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதானாலும் கணினி மாதிரியோடு ஆய்வு நின்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு வாய்ப்பையும் மூன்று அளவுகோல்களால் பார்ப்போம். எந்தப் பாறையைக் காணக் கிடைக்கும்? செலவை யார், எந்த முறையில் தருவார்? முடித்தபின் அந்த அறிவு எங்கே பயன்படும்?

முதலில் கேள்வி: நம் நாட்டின் மூன்று பாறைகள்

வளவை கங்கையை மறித்த சமனலவெவ 120 மெகாவாற் திட்டம். 1992 ஒக்ரோபரில், நீர்த்தேக்கம் நிரம்பிவரும் வேளையில், வலது கரையில் நீர் வெடித்துப் பீறிட்டது. அக்கரைக்குள் கரைந்து பொந்தான பளிங்குச் சுண்ணக்கல் இருக்கிறது. குழம்பு செலுத்தியும், நீருக்கடியில் களிமண் கொட்டிப் போர்த்தியும் பார்த்தார்கள். கசிவு நிற்கவில்லை. கசியும் நீரைக் கீழேயுள்ள கல்தொட்டை வயல்கள் பயன்படுத்துகின்றன. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பதைக் கண்டு வளர்ந்தவருக்கு இது முற்றிலும் அந்நியமான கேள்வி அல்ல. நமது கல் மயோசீன் காலத்து இளம் படிவுக் கல். சமனலவெவக் கல் பல கோடி ஆண்டுகள் மூத்த உருமாறிய கல். ஆனாலும் நீர் சுண்ணத்தைக் கரைக்கும் வேதியியல் இரண்டுக்கும் ஒன்றே.

இரண்டாவது உமா ஓயா. 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பக்கம் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. நீண்ட தாமதத்துக்குப் பின் 2024 ஏப்ரலில் திட்டம் திறக்கப்பட்டது. குடையும் முன்பே நிலத்தடி நீரை எப்படிக் கணிப்பது என்பது இங்கே கிடைக்கும் கேள்வி.

மூன்றாவது நிலத்தடி மின்நிலையக் குகைகள். 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலையும், 2012இல் வந்த 150 மெகாவாற் மேல் கொத்மலையும் மலைக்குள் இருப்பவை. இனி வரத் திட்டமிடப்பட்டிருப்பது மகா ஓயாவில் 600 மெகாவாற் நீரேற்று நிலையம்: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்குவது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக இத்தகைய நிலையங்கள் நாளொன்றுக்குப் பலமுறை ஓடி நிற்கும். ஒவ்வொரு முறையும் சுரங்க நீரின் அழுத்தம் ஏறி இறங்குவதால் பாறை எப்படிக் களைக்கிறது என்பது உலகமெங்கும் இப்போது சூடான ஆய்வுப் பொருள்.

இந்த மூன்றில் எது உங்களை இழுக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

நோர்வே, சுவீடன்: மாணவரல்ல, ஊழியர்

நோர்வே தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீரிலிருந்து எடுக்கும் நாடு. அங்கே மலைக்குள் சுமார் 200 மின்நிலையங்கள் இருக்கின்றன. பல அழுத்தச் சுரங்கங்களுக்குக் கொங்கிறீற்று உறையே கிடையாது. வெறும் பாறை நீரைத் தாங்குகிறது. சுரங்கப் பாறையைத் தரம்பிரிக்க உலகெங்கும் பயன்படும் கியூ முறையை பார்ட்டன், லியன், லுண்டே ஆகிய மூவரும் 1974இல் அங்கேதான் உருவாக்கினார்கள். துரொன்ஹைமில் உள்ள நோர்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான என்.ரி.என்.யு. இத்துறையின் தலைவாசல். நேபாளத்திலிருந்து சென்ற பேராசிரியர் கிருஷ்ண பாந்தி அங்கே இமயமலைச் சுரங்கங்களையும் நோர்வேச் சுரங்கங்களையும் ஒருங்கே ஆராய்ந்து வருகிறார். தன் ஊர்ப் பாறையை அங்கே கொண்டுபோகலாம் என்பதற்கு அவரது குழு சான்று.

கலாநிதி ஆய்வாளர் அங்கே சம்பளம் பெறும் ஊழியர். மூன்று ஆண்டுகள், அல்லது கற்பித்தல் கடமையோடு நான்கு ஆண்டுகள். கட்டணம் இல்லை. இடங்கள் வேலைவாய்ப்பு விளம்பரமாக, பெரும்பாலும் ஜொப்நோர்க் தளத்தில் வரும். விளம்பரம் இல்லாத நேரத்தில் "புலமைப்பரிசில் உண்டா?" என்று எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது.

ஒரு முட்டுக்கட்டை உண்டு. நல்ல பெறுபேறுடன் முதுமாணிப் பட்டம் வேண்டும். நமது நான்காண்டு இளமாணி போதாது. எழுபதுகளில் மக்கள் உயர்பள்ளிகள் வழியாக நோர்வே போன தலைமுறையின் அனுபவத்தை வைத்து "அங்கே படிப்பு இலவசம்" என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். ஆனால் 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோர் முதுமாணிக்குப் பெருங்கட்டணம் செலுத்த வேண்டும். முதுமாணியை வேறெங்காவது முடித்துவிட்டு, கலாநிதிக்கு மட்டும் நோர்வேயை நாடுவதே கைக்கு அடக்கமான வழி.

சுவீடனிலும் இதே ஊழியர் முறைதான். நான்கு ஆண்டு ஆய்வு, கற்பித்தலோடு சேர்ந்தால் ஐந்து வரை நீளும். ஸ்டொக்ஹோமின் கே.ரி.எச். பல்கலைக்கழகம் அணைகளின் பாறை அத்திவாரத்தில் தேர்ந்தது. வடக்கே லூலியோ பல்கலைக்கழகம் சுரங்கத்தொழிற் பாறையில் வலிமையானது. நீர்மின்னுக்கென்றே போகிறவர் மேற்பார்வையாளரின் அண்மைக் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இந்தியா: சிக்கலான பாறை, குறைந்த செலவு

சுரங்கக்காரருக்கு இமயம் போலத் தொல்லை தரும் மலை குறைவு. 1,500 மெகாவாற் நாத்பா ஜாக்ரித் திட்டத்தின் நீர்ச்சுரங்கம் 27 கிலோமீற்றருக்கு மேல் நீளம். தபோவன் விஷ்ணுகாட்டில் 2009 டிசம்பரில் குடையும் பொறி நிலத்தடி நீர்த்தேக்கத்தில் மோதிச் சிக்கியது. உமா ஓயாக் கேள்வியோடு வருகிறவர் படிக்கவேண்டிய முதல் பாடம் அது.

ரூர்க்கி ஐ.ஐ.ரி.யில் 1955 முதலே ஆசிய, ஆபிரிக்கப் பொறியியலாளருக்கு நீர்வளப் பயிற்சி அளிக்கும் துறை உண்டு. நீர்மின்னுக்கென 1982இல் தொடங்கிய மையம் இன்று தனித் துறை. பெங்களூரில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டை விரும்புகிறவருக்கு ஐ.ஐ.ரி. மெட்ராஸும் அண்ணா பல்கலைக்கழகமும் உண்டு. மலைக்குள் இயங்கும் 400 மெகாவாற் காடம்பாறை நீரேற்று நிலையமும், கட்டப்பட்டுவரும் 500 மெகாவாற் குந்தாவும் அதே மாநிலத்தில் இருக்கின்றன. மகா ஓயா பற்றிச் சிந்திப்பவருக்கு இதைவிடக் கிட்டிய முன்மாதிரி கிடைக்காது.

இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் ஆய்வுப் பட்டங்களுக்கும் உண்டு. மாதக் கொடுப்பனவு சேமிப்புக்கு உதவாது, வாழ்வதற்கு உதவும். கவனிக்க வேண்டியது, அணைகளின் சொந்தக்காரர்கள் அரச நிறுவனங்கள். வெளிநாட்டு மாணவருக்குத் தரவு தர எழுத்துமூல அனுமதி வேண்டும். முதலாண்டிலேயே அது கைக்கு வராவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள்வது நல்லது.

அவுஸ்திரேலியா, ஜப்பான், சீனா

அவுஸ்திரேலியாவில் முதல் வகுப்புச் சிறப்பு இளமாணியோடு நேரே கலாநிதிக்குச் சேர இடமுண்டு. நமது பட்டதாரிக்கு இது பெரிய வசதி. கட்டணமும் கொடுப்பனவும் தரும் அரச ஆய்வுப் புலமைப்பரிசிலுக்குப் போட்டி கடுமை. ஒரு சஞ்சிகைக் கட்டுரையாவது கையில் இருந்தால் நல்லது. பாறையாகப் பார்த்தால் ஸ்னோவி 2.0 என்ற 2,200 மெகாவாற் நீரேற்றுத் திட்டம் கண்முன்னே நடக்கிறது. 2022இல் அதன் குடையும் பொறிகளில் ஒன்று இளகிய நிலத்தில் மாட்டிக்கொண்டு, மேலே தரை குழிவிழுந்தது.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கட்டணம், மாதப்பணம், விமானச்சீட்டு மூன்றையும் தரும். முதுமாணியில் தொடங்கிக் கலாநிதிவரை நீட்டவும் வழி உண்டு. ஐரோப்பாவுக்கு முதுமாணி தேவைப்படுகிறவருக்கு இது நல்ல படிக்கட்டு. மேல் கொத்மலை ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்டது என்பதால் அத்திட்டத்தின் பதிவுகளைத் தேட அங்கிருந்தும் ஒரு வழி இருக்கும்.

பெரும் ஆழத்துப் பாறையே ஆர்வமென்றால் சீனாவுக்கு ஈடில்லை. ஜின்பிங் இரண்டாம் திட்டத்தின் சுரங்கங்களுக்கு மேல் சில இடங்களில் 2,500 மீற்றர் மலை நிற்கிறது. 2009 நவம்பரில் அங்கே பாறை வெடித்து ஏழு பேர் மாண்டனர். இலங்கையில் அத்தகைய ஆழம் இல்லை. எனவே திரும்பிவர எண்ணுகிறவருக்கு அந்த அறிவு நேரே பயன்படாது.

இலங்கையிலேயே இருந்து

மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் துறையும், பேராதனையில் குடிசார் பொறியியலும் புவியியலும் இருக்கின்றன. ஆய்வு முதுமாணியாகப் பதிந்து பின்னர் கலாநிதிக்கு உயர்த்தும் வழக்கம் உண்டு. பணம் குறைவு, கருவிகள் குறைவு, வேலை செய்துகொண்டே படிப்பதால் ஆண்டுகள் இழுபடும். ஆனால் சமனலவெவக் கரையில் நேரே போய் நிற்கலாம். மின்சாரத் துறையிலும் மகாவலி அதிகாரசபையிலும் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் பழைய பதிவுகளைத் தேடி, அவற்றை எழுதிய மூத்த பொறியியலாளரோடு இருந்து கேட்கலாம். வெளிநாட்டு மாணவர் மூன்று மாதக் களப்பயணத்தில் இதைப் பெற முடியாது.

நடுவழி ஒன்றும் உண்டு. இங்கே பதிந்து, நோர்வேயிலோ இந்தியாவிலோ இணை மேற்பார்வையாளரை வைத்து, சோதனைகளுக்காக அங்கே சில மாதங்கள் போய்வருவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பேர்கனில் உள்ள மேற்கு நோர்வே பல்கலைக்கழகக் கல்லூரியும் தூய சக்தி ஆய்வில் ஏற்கெனவே சேர்ந்து இயங்கியிருக்கின்றன. அந்தத் தடத்தைப் பாறைக்கும் நீட்டக் கேட்பதில் தவறில்லை.

யாருக்கு எது?

முதுமாணி கையில் இருக்கிறது, குடும்பத்துக்கும் பணம் அனுப்ப வேண்டும்: நோர்வே, சுவீடன் விளம்பரங்களைத் தொடர்ந்து பாருங்கள். முதல் வகுப்பு இளமாணி மட்டும் உண்டு: அவுஸ்திரேலியாவுக்கும் மெக்ஸ்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். சுரங்க நீர், சிதைந்த பாறை ஆகியவைதான் கேள்வி: இந்தியா. விரிவுரையாளராக இருக்கிறீர்கள், கல்வி விடுமுறை கிடைக்கும்: பிணைப்பத்திர நிபந்தனைகளை முதலில் வாசித்துவிட்டு வெளியே போங்கள். சமனலவெவதான் வேண்டும்: இங்கே பதிந்து நடுவழியைப் பிடியுங்கள்.

சொந்தப் பணத்திலோ காணியை ஈடுவைத்தோ கலாநிதிப் படிப்பு வேண்டாம். இத்துறையில் நல்ல இடம் என்றால் பணம் உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து போகாது. இடம் பிடித்துத் தருவதாக முகவர் எவரேனும் தொகை கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மேற்பார்வையாளருக்கு எழுதும்போது நான்கு விடயங்களைக் கேளுங்கள். எந்தத் திட்டத்தின் தரவு, அனுமதி ஏற்கெனவே கிடைத்ததா? அதை வெளியிடும் உரிமை யாருக்கு? நிதி எந்த ஆண்டுவரை? உங்கள் முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே? முதல் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் மற்ற மூன்றுக்கும் நல்ல பதில் வந்தும் பயனில்லை.

அந்தக் கடிதத்தோடு உங்கள் கேள்வியையும் ஒரு பக்கத்தில் இணைக்க வேண்டும்: எந்தப் பாறை, அதில் எது புரியவில்லை, அதை அறிய எந்த அளவீடு தேவை. அந்தப் பக்கத்தை எழுதி முடிக்கும்வரை விமானச்சீட்டு விலை பார்க்க வேண்டாம். எழுதி முடித்தவருக்கு நாட்டுப் பட்டியல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.