மோரை நிறுத்தினால் கல் நிற்குமா?

மீஞ்சூர்ப் பக்கம் கீரை பயிரிடும் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். அவருடைய கீரை இராயபுரம், திருவொற்றியூர் கடைகளுக்குப் போகிறது. வீட்டில் இரண்டு எருமைகள். சிறுநீரகத்தில் கல் கண்ட நாள் முதல் பால், மோர் இரண்டையும் அறவே நிறுத்திவிட்டார். "கல்லில் இருப்பது சுண்ணாம்புதானே ஐயா?" என்பது அவர் கேள்வி. கேள்வி சரி, செய்த காரியம் நேர்மாறானது.

பெரும்பாலான கற்கள் சுண்ணாம்பும் ஆக்சாலிக் அமிலமும் கூடியவை. இந்த அமிலத்தில் ஏறக்குறைய பாதியையோ அதற்கு மேலோ நம் கல்லீரலே வளர்சிதை மாற்றத்தின்போது உண்டாக்குகிறது. மிச்சம் உணவில் வருவது. பசலை, பாலக், முளைக்கீரை வகைகளில் இது மிகுதி. (தழைச்சத்தை நைட்ரேட்டாக அதிகம் உறிஞ்சும் பசலையில் இன்னும் கூடும்.) கீரையோடு மோர் சேர்ந்தால், மோரின் சுண்ணாம்பு குடலிலேயே அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். மோர் இல்லையேல் அமிலம் தனியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைகிறது. அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் சுண்ணாம்பு மிகுதியாக உண்டவர்களுக்குக் கல் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வந்தது. மாத்திரைச் சுண்ணாம்புக்கு இது பொருந்தாது; அதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கீரையையும் விட வேண்டியதில்லை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கரையும் அமிலத்தில் கணிசமான பகுதி போய்விடும். சத்தும் கொஞ்சம் போகும். கல் உள்ளவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உப்பு. சோடியம் கூடினால் சிறுநீரில் சுண்ணாம்பும் கூடும். கருவாடும் ஊறுகாயும் அன்றாடம் உண்போர் இதைக் கவனிக்க வேண்டும். நெத்திலி, மத்தி போன்ற மீன்களை மிதமிஞ்சி உண்டால் யூரிக் அமிலமும் சேரும். கல் படியாமல் தடுக்கும் சிட்ரேட்டு குறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு அதை ஓரளவு ஈடுகட்டும். சாற்றில் உப்பு போடாதீர்கள்.

மீஞ்சூர் வட்டாரத்தில் 1960களின் இறுதி முதலே கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவி வருவது நீங்கள் அறிந்ததே. "உப்புத் தண்ணீர்தான் கல்லாகிறது" என்கிறார்கள். உவர்நீர் குடிக்க ஏற்றதல்ல என்பது மெய்தான். ஆனால் நான் பார்த்தவரை பெரிய கேடு வேறு: நல்ல தண்ணீர் தொலைவில் இருப்பதால் வயலில் குடிப்பதே குறைகிறது. வியர்வையாய்ப் போனது போக நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு குடிக்க வேண்டும். அது வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கட்டும். முற்றிய நெல் நிறம் வந்தால் தண்ணீர் போதவில்லை. வயலுக்குக் கிளம்பும்போதே குடத்தை எடுத்துச் செல்லுங்கள்.

வாழைத்தண்டு நல்ல உணவு. அதை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்குத் தண்ணீரின் அளவையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.