பெயரில்லாத பட்டா: கிரிப்டோ உங்களுடையது என்று கோர்ட்டில் காட்டுவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நிலத் தகராறு என்றால் எந்தக் காகிதத்தை எடுத்து வர வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் என்று கட்சிக்காரரே வரிசையாகக் கட்டி எடுத்து வந்துவிடுவார். அதே வீட்டுப் பிள்ளை கிரிப்டோவில் போட்ட பணத்துக்காக வக்கீலைப் பார்க்க வரும்போது கையில் இருப்பது ஒரு செல்போனும் நாலு ஸ்கிரீன்ஷாட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜூனியர் வக்கீலுக்கும், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவருக்கும்தான் இதை எழுதுகிறேன். இந்த வேலை இனி நம் ஊருக்கும் வரும்.

கிரிப்டோ சொத்தா இல்லையா என்று தயங்க வேண்டாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அது சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொல்லிவிட்டார். 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கிய சென்னைப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அந்த ஆண்டு ஜூலை 18-ல் வாசிர்எக்ஸில் பெரிய திருட்டு நடந்தது. போனவை எத்தேரியமும் அதைச் சார்ந்த டோக்கன்களும். நிறுவனமோ நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்து வைக்கப் பார்த்தது. திருடுபோனது என் நாணயம் அல்ல என்றார் அந்தப் பெண். நீதிமன்றம் அதை ஏற்று, சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரச் சொன்னது. இது இடைக்காலப் பாதுகாப்புதான், இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் கவனியுங்கள்: எந்த நாணயம், எத்தனை, எப்போது, எவ்வளவு ரூபாய்க்கு என்று புள்ளி பிசகாமல் சொல்ல முடிந்ததால்தான் அந்த வாதம் நின்றது.

கிரிப்டோ கைமாற்றங்கள் பதிவாகும் பிளாக்செயினை வில்லங்கச் சான்று மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எல்லாக் கைமாற்றமும் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அழிக்க முடியாது. ஆனால் பெயர் இருக்காது; எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி மட்டுமே இருக்கும். அந்த முகவரியை ஓர் ஆளோடு இணைப்பதுதான் உங்கள் வேலை.

ஆனால் வாசிர்எக்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சில் வாங்கி அங்கேயே விட்டு வைத்த நாணயம் என்றால் பிளாக்செயினில் தேடிப் பயனில்லை. அந்த வாங்கல் விற்றல் நிறுவனத்தின் உள்கணக்கில் மட்டும் பதிவாகியிருக்கும். எக்ஸ்ஆர்பி போன்றவற்றில் ஆயிரக்கணக்கான பேருக்கு முகவரி ஒன்றே. டெஸ்டினேஷன் டேக் என்ற எண்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஆகவே அந்த எண், கேஒய்சி விவரம், முழு வர்த்தக அறிக்கை மூன்றையும் முதல் நாளே இறக்கி வையுங்கள். தளம் முடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. ஆவணங்களைப் பத்திரப்படுத்தச் சொல்லி நிறுவனத்துக்கு நோட்டீஸும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து பாஸ்புக். யுபிஐ பரிமாற்றத்துக்கு 12 இலக்கக் குறிப்பு எண், நெஃப்டுக்கு 16 எழுத்து யுடிஆர். வங்கி அறிக்கையில் உள்ள அந்த எண்ணும் எக்ஸ்சேஞ்ச் அறிக்கையின் டெபாசிட் வரியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 2022 ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடிக்கிறார்கள். அது விற்றவரின் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கும். தகராறு வருவதற்கு முன்பே அரசுக் கணக்கில் பதிவான சாட்சி அது. பல பேர் இதை எடுக்கவே மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு இடத்தில் வழுக்கும். இறக்கிய கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்தால் 12 இலக்க எண் 4.12E+11 என்று சுருங்கிவிடும். 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். எதிர்த்தரப்புக்கு அது போதும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். இன்னொன்று நேரம். பிளாக்செயின் தளங்கள் பெரும்பாலும் யுடிசி நேரம் காட்டும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னே. ஏப்ரல் 1 விடிகாலை 2 மணிக்கு அனுப்பியது அங்கே மார்ச் 31 இரவு 8.30 என்று நிற்கும். தேதி மட்டுமல்ல, நிதியாண்டே மாறிப்போகும். அட்டவணையில் இரண்டு நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

இவற்றை நீதிமன்றத்தில் சேர்க்க பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய 65பி-யின் இடத்துக்கு 2024 ஜூலை 1-ல் வந்தது இது. முதல் பகுதியில் கட்சிக்காரரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், இறக்கிய அன்றே அதைக் குறித்து வைப்பது நல்லது.

சொந்த வாலெட் என்றால் வழி வேறு. வழக்கு எண், தேதி, பெயர் உள்ள ஒரு வாக்கியத்தை அந்த வாலெட்டின் தனிச்சாவியால் டிஜிட்டல் கையெழுத்திட்டுக் காட்டலாம். சாவியை வெளியே சொல்ல வேண்டியதில்லை. இதன் வலு என்ன என்பதை 2020 மே மாதம் உலகம் பார்த்தது. அமெரிக்க வழக்கொன்றில், தன்னுடையவை என்று கிரெய்க் ரைட் என்பவரின் தரப்பு கொடுத்த பட்டியலில் இருந்த 145 பிட்காயின் முகவரிகளின் சாவியை வைத்திருந்த யாரோ, ரைட் பொய் சொல்கிறார் என்ற செய்தியை அதே சாவிகளால் கையெழுத்திட்டு வெளியிட்டார். ஆனால் கையெழுத்து காட்டுவது இன்று சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டுமே. திருடியவனும் கையெழுத்திடுவான். எனவே பணம் வந்த வழியையும் சேர்த்தே காட்ட வேண்டும். வாலெட்டைத் திறக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் கட்சிக்காரர் சொல்ல வந்தாலும் நீங்கள் கேட்டுக்கொள்ளாதீர்கள். நாளைக்கு நாணயம் காணாமல் போனால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

நம் பகுதியில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தோ வி.களத்தூரிலிருந்தோ வளைகுடா போன அண்ணன் பணம் அனுப்புவார்; ஊரில் இருக்கும் தம்பியின் ஆதார், பானில் கணக்குத் திறந்து வாங்குவார்கள். உறவு கசந்தால் எல்லா ஆவணமும் தம்பி பக்கம் பேசும். பினாமித் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அண்ணனின் வழக்கை வாசலிலேயே நிறுத்திவிடவும் கூடும். இப்படி யாராவது யோசனை கேட்டு வந்தால் அவரவர் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பணம் அனுப்பிய ரசீதுகளோடு அண்ணன் தம்பி வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்வி. வாசிர்எக்ஸ் ஒப்பந்தம் நடுவர் விசாரணைக்குச் சிங்கப்பூரைக் குறித்திருந்தது. ஆனாலும் அந்தப் பெண் சென்னையில் இருந்தபடி, சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டியிருந்தார் என்பதால் சென்னை நீதிமன்றம் மனுவை ஏற்றது. ஆகவே வங்கி அறிக்கையோடு, பெரம்பலூர் கிளை அல்லது அரியலூர் கிளை என்று அச்சிட்டிருக்கும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள்.